சளி மாத்திரையின் பின்பக்கம்

"என் பொண்ணு மாத்திரை கம்பெனியில வேலை பாக்குறா, டாக்டரம்மா. அவ சரின்னு சொன்னாத்தான் பெட்டியே வெளிய போகும்" என்றாள் அம்மா, நாற்காலியில் உட்காரும் முன்பே.

நான் தரையைப் பார்த்தேன். நான் ஆய்வகத்தில் கடைசி ஆள். இருபது மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடையை எழுதுவேன். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நாலைந்து நாளாகப் பல்வலி. பல் டாக்டர் என்றால் பயம். "நீதான் இருக்கியே" என்றாள். பாராசிட்டமால் ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை கொடுத்தேன். வேளைக்கு இரண்டு, ஒரு நாளில் நான்கு வேளை. ஒரு நாளில் நான்கு கிராமைத் தாண்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். தாண்டவில்லை. டப்பாவில் நேரம்கூட எழுதி ஒட்டினேன். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதே நாட்களில் அவளுக்குச் சளியும் இருந்தது. கடையில் வாங்கிய சளி மாத்திரையை மூன்று வேளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். என் கண் முன்னால்தான். நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று மாலையிலிருந்து வாந்தி. சற்று முன் வெளியே காத்திருந்தபோது, அவள் பையில் கைக்குட்டை தேடிய என் கையில் அந்தச் சளி மாத்திரை அட்டை வந்தது. திருப்பினேன். முதல் வரியே பாராசிட்டமால், ஐந்நூறு மில்லிகிராம்.

"அம்மா, இதுலயும் அதேதான் இருக்கு."

அவள் அட்டையைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள். "உள்ள வந்து எதையாவது உளறி வைக்காத. மானம் போயிடும்."

இப்போது டாக்டர் கேட்டார். "வலிக்கு ஏதாவது போட்டீங்களா?"

"எப்பவாவது ரெண்டு மூணு. நானாத்தான்."

டாக்டர் 2–3 என்று எழுதினார். "வெறும் வயித்துல போட்டிருப்பீங்க. புண்ணாயிருக்கும். அதுக்கு எழுதித் தர்றேன்."

என் காது மடல் சுட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. அவள் கல்லீரலுக்கு மட்டும் தெரியும்.

"பதினொண்ணு" என்றேன்.

"என்னம்மா?"

"ஒரு நாளைக்குப் பதினொண்ணு, மேடம். நாலு நாளா. ரெண்டு மாத்திரையிலயும் பாராசிட்டமால். எட்டு நான் குடுத்தது."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "படிச்ச பொண்ணு" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "கடைசியா எப்போ?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு. ரெண்டு. வாந்தி எடுத்த பிறகும் குடுத்தேன்."

"வீட்டுக்குப் போக வேண்டாம். இப்பவே ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பாக்கணும். இதுக்கு முறிவு மருந்து இருக்கு. தேவைன்னா உடனே ஏத்திடலாம். நல்லவேளை, சொன்னே."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூக்குல ஈ உக்காந்தாக்கூட வாயத் திறக்க மாட்டா. இன்னிக்குன்னு பாத்துத் திறந்துட்டா."

டாக்டர் 2–3ஐ மை ஊறும்வரை கிறுக்கி அடித்து, மேலே 11 என்று எழுதினார். எங்கள் ஆய்வகத்தில் அப்படி அடிக்க விடமாட்டார்கள். ஒரே ஒரு கோடு போட வேண்டும். கீழே இருக்கும் தவறு எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் தவறு செய்தவரின் கையெழுத்தும் தேதியும்.

நர்ஸ் வந்து அம்மாவின் முழங்கை மடிப்பைப் பஞ்சால் துடைத்தாள். நான் அம்மாவின் பையைத் திறந்து அந்த அட்டையை எடுத்தேன். பின்பக்கம் மேலே தெரியும்படி டாக்டரின் மேசையில் வைத்தேன்.