அரைப் பீரியட்

கணக்கு டீச்சர் வெளிநாட்டில் விமானத்தை விட்டு இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை எட்டே காலுக்கெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் நின்று கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்தது வெறும் விசிட் விசா.

"வேலை விசா இதோ வந்துடும், நீங்க முதல்ல கிளம்பி வாங்க" என்று அந்தப் பள்ளிக்கூடத்து பிரின்சிபால் போனில் மூன்று முறை சொல்லியிருந்தார். பெரிய மனிதர் சொல்கிறாரே என்று இவளும் நம்பிவிட்டாள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ஆறாவது படிக்கும் மகளுக்கு டி.சி. வாங்கினாள். இவள் விசா கைக்கு வந்தால்தான் கணவருக்கும் மாமியாருக்கும் மகளுக்கும் விசா, மகளுக்கு இதே பள்ளியில் இடம். வராவிட்டால்? அம்மாவுக்கு வேலையும் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. இரண்டு கரையிலும் கால் இல்லாத நிலை, கண்ணுகளா.

பாடம் நன்றாகத்தான் போயிற்று. பிள்ளைகளும் சும்மா சொல்லக் கூடாது, வாயை மூடிக் கேட்டார்கள். பாதிப் பீரியடில் சுற்றறிக்கையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எல்லாரும் அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். டீச்சர் வாய்க்குள் "ஏழெட்டு அம்பத்தாறு" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. எந்த நாட்டுக்குப் போனாலும் மனக்கணக்கு மட்டும் நம் மொழியில்தானே வரும்!

"அட, நம்மாளா? எப்ப வந்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"அதுக்குள்ள விசா அடிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா. விசிட்லதான் வந்திருக்கேன்."

லேப் அக்காவின் முகம் மாறிவிட்டது. அவளைக் கதவுக்கு வெளியே இழுத்தாள். "என்னம்மா காரியம் பண்றே! விசிட்ல வந்து வேலை செஞ்சா பெரிய குத்தம். பிடிச்சாங்கன்னா அடுத்த விமானத்துல ஏத்திடுவாங்க. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு இந்தத் திக்குலயே தலைவச்சுப் படுக்க முடியாது."

"பிரின்சிபால் ஒண்ணுமே சொல்லலையே?"

"அவர் ஏன் சொல்றாரு? அவருக்கு வகுப்புல ஆள் நின்னாப் போதும்."

டீச்சர் உள்ளே வந்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள், பாதியில் நிற்கும் கணக்கைப் பார்த்தாள். சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். "என் பேப்பர் இன்னும் சரியாகலை. சரியானதும் வந்து முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நேரே பிரின்சிபால் அறைக்குப் போனாள். அவர்கள் பேசியது என்ன மொழியாயிருந்தால் நமக்கென்ன, நம் மொழியிலேயே சொல்கிறேன்.

"நாலு பேர் இப்படித்தான் வந்து சேர்ந்தாங்க. யாரையாவது பிடிச்சாங்களா?" என்று பிரின்சிபால் குதித்தார். "நீங்க மட்டும் என்ன ஸ்பெஷல்?"

"என் ஃபைல் எங்க நிக்குதுன்னு சொல்லுங்க சார்."

"குமாஸ்தா அனுப்பியாச்சு. வரும்போது வரும். திங்கட்கிழமை காலையில வகுப்புல ஆள் நிக்கணும். நீங்க நிக்கலைன்னா வேற ஆள் நிப்பாங்க, அவ்வளவுதான்."

சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவர் எல்லாவற்றையும் கேட்டார். "பேசாம நாலு நாள் சமாளிச்சிருக்கலாமோ?" என்றார் மெதுவாக.

மாமியார் போனைப் பிடுங்கினார். "நீ சும்மா இருடா! அவ பண்ணினதுதான் சரி. ஏம்மா, பெட்டியைப் பிரிச்சியா?"

"இல்ல அத்தை."

"முதல்ல பிரி. புடவையெல்லாம் கசங்கிப் போயிருக்கும்."

பின்னால் மகள் கத்தினாள்: "அம்மா! அப்பா தினம் நியூஸ் பேப்பரைக் கொடுத்துப் படிச்சுக் காட்டுன்னு உசிரை வாங்குறாரு! என்னைச் சீக்கிரம் ஏதாவது ஸ்கூல்ல போடு!"

வியாழக்கிழமை காலை, குடியேற்ற அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஃபைலை மூடி வச்சிருக்கோம். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போட்டு இருபது நாள் ஆச்சு. பதிலே இல்லை."

டீச்சர் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். "ஏன் மேடம்?"

"விண்ணப்பத்துல இருக்கிற பேர் ஒண்ணு. பாஸ்போர்ட்லயும் பட்டத்துலயும் இருக்கிற பேர் ஒண்ணு. யாரோ ஒருத்தியோட சான்றிதழை வச்சு இன்னொருத்தி வேலைக்கு வரப் பார்க்கிறாங்கன்னு குறிப்பு எழுதியிருக்கு."

நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. அப்பா பெயரில் ஓர் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு, நம் பாட்டுக்கு இருக்கிறோம். பட்டத்தில் அந்த எழுத்து இருந்தது. பாஸ்போர்ட்காரர்கள் அதை விரித்து அப்பா பெயர் முழுவதையும் போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வந்ததும், குடும்பம் என்றால் வீட்டுக்காரர்தானே என்று இவள் தன் கையாலேயே கணவர் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். அந்த ஊர்க் கணக்கில் மகளாய்ப் படித்தவள் வேறு, மனைவியாய் வேலைக்கு வந்தவள் வேறு.

"மேடம், அந்த ரெண்டு பேரும் நான்தான்" என்றாள்.

"அதுக்கு ஆதாரம் வேணுமே."

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் மார்க்கைக் கூட்ட மாட்டார்கள். டீச்சர் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து கண்ணாடியில் அழுத்தினாள். அப்பா பெயர் ஒரு வரியில், கணவர் பெயர் ஒரு வரியில், அச்சடித்து இருந்தது. குமாஸ்தா முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பியிருந்தார்.

அதிகாரி இரண்டு தரம் படித்தார். "அட, ஆமாம்" என்றார். ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "கடைசியா ஒரு கேள்வி. இங்க வந்ததுக்கப்புறம் ஏதாவது வேலை செஞ்சீங்களா?"

முந்தின நாளே லேப் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "கேட்டாங்கன்னா இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடு." அந்த 'இல்லை' டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் கத்தியதும் காதிலேயே நின்றது. ஒரு சொல்தான், சொன்னால் தீர்ந்தது. ஆனால் காப்பியடித்த பிள்ளைகளைப் பதினெட்டு வருஷம் எழுப்பி நிறுத்திய வாய் அது. வர மறுத்தது.

"நேத்து அரைப் பீரியட் பாடம் எடுத்தேன் மேடம். தப்புன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன்."

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. "இதை நான் எப்படி நம்பறது? அரைப் பீரியடா, அரை மாசமா?"

"முந்தாநாள்தான் வந்தேன். முத்திரை இருக்கு, பாருங்க."

"முத்திரை இருக்கு. நீங்க நிறுத்தினதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுக்கொண்டே அதிகாரி பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். 'நீங்கள் சேர்த்த டீச்சர் வேலை செய்கிறாரா' என்று கேட்டதுதான் தாமதம், பிரின்சிபால் வெடித்தார்.

"அந்த அம்மாவா? பாதிக் கணக்குல சாக்பீஸை வச்சுட்டுப் போயிட்டாங்க! விசா வந்தாத்தான் தொடுவேன்னு ஒரே பிடிவாதம்! நேத்திலேர்ந்து என் வகுப்பு காத்தாடுது. கூப்பிட்டு நீங்களாவது புத்தி சொல்லுங்க!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"புத்தி சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான் சார். நான் போட்ட கடிதத்தைத் தேடி எடுத்துகிட்டு நாளைக்குக் காலையில நீங்களே நேர்ல வாங்க. விசா இல்லாம ஒருத்தரை ஏன் வகுப்புல நிறுத்தினீங்கன்னும் எழுதிக் கொண்டுவாங்க."

போனை வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். "உங்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி நான் எங்க போய்த் தேடுவேன்? நீங்களும் நாளைக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு விசா கையில் இருந்தது. பிரின்சிபால் பக்கத்து நாற்காலியில் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்; மூன்றாவது தாள். டீச்சர் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வாசலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள், மகள் எடுத்தாள். "சிட்டு, பேப்பரை மடிச்சு வைடீ! ஸ்கூல் பையை எடு!" அந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் மாமியார் குரல் எது, மகள் குரல் எது என்றே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா தலையைச் சொறிந்தபடி வருகைப் பதிவேட்டை நீட்டினார். டீச்சர் அப்பா பெயர், தன் பெயர், கணவர் பெயர் மூன்றையும் நிதானமாக எழுதினாள்.

"மேடம், கட்டத்துக்குள்ள அடங்கலையே."

"அடுத்த கட்டத்துலயும் எழுதுறேன். இனிமே இந்தப் பேரெல்லாம் ஒருத்தர்னே நினைச்சுக்கோங்க" என்றாள். "ஒன்பதாம் வகுப்புக்கு இப்ப என்ன பீரியட்?"

"கடைசிப் பீரியட் மேடம். பிரின்சிபாலும் இல்லை, பிள்ளைங்க சும்மாதான் இருக்காங்க. திங்கட்கிழமை பார்த்துக்கலாமே?"

அவள் அதற்குள் பாதி மாடி ஏறியிருந்தாள். கதவைத் திறந்ததும் நாற்பது பிள்ளைகளும் மேஜையைத் தட்டிய தட்டில் கீழே லேப் அக்கா கையிலிருந்த கண்ணாடிக் குழாயை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்து பார்த்தாள்.