கையை நனை

"இன்னொரு தடவை நடந்தா டி.சி.தான்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வகுப்பில் நான் நாற்காலியைத் தூக்கி எறிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நாற்காலிக்கும் பிடித்திருக்காது.

ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். கோபம் தலைக்கேறினால் யாரையும் கேட்காமல் எழுந்து போ, மணிக்கட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டு, அடங்கும்வரை நில் என்றார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வேலை செய்தது. யாராவது கேலி செய்தால் நேரே குழாயடிக்குப் போனேன். பிறகு கோபம் வரும் முன்பே போக ஆரம்பித்தேன். கை மரத்துப்போகும், கூடவே உள்ளேயும் ஏதோ மரத்துப்போகும். அது வசதியாகவே இருந்தது.

அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டில் என் முகம் லேசாக மாறினாலே, "போ, கையை நனை" என்பாள்.

அன்று சாயங்காலம் தங்கை டிவி ரிமோட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா பெல்ட்டில் கை வைத்தார்.

முன்பெல்லாம் அந்த இடத்தில்தான் நான் தொண்டை கிழியக் கத்துவேன். மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். "ஒண்ணுமில்ல சார், பெரியவளுக்குக் கோவம் ஜாஸ்தி" என்று அப்பா பல்லைக் காட்டுவார். பெல்ட் இடுப்பிலேயே இருந்துவிடும். என் கோபத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருந்ததை ஆலோசகரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "போ, கையை நனை."

போனேன். குழாயை முழுசாகத் திறந்தேன். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவ திருந்திட்டா. பாத்தியா, ஒரு சத்தம் இல்ல."

"ஆமாங்க" என்று அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

தங்கை கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் இருந்தாள். கால் இரண்டும் வரிவரியாகத் தடித்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் வெட்கமாவது. எதுவும் வரவில்லை.

"அக்கா, நீ ஏன் கத்தல?"

"வரலடி."

"இனிமேயும் வராதா?"

"தெரியல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி விடு. அடுத்த தடவை நான் கத்தறேன்" என்றாள்.