ஏழு விநாடிக் கதவு

...நாலாவது திருகாணி மட்டும் வர மாட்டேன் என்கிறது, மற்ற மூன்றும் பேசாமல் வந்து சட்டைப் பைக்குள் உட்கார்ந்துகொண்டன, இது துருப்பிடித்து... முப்பத்தோரு வருடம், பின்னே பிடிக்காதா, மனிதனுக்கே பிடிக்கிறது. ஸ்டூலில் நின்றபடி வாசற்கதவின் தலையிலிருந்த டோர் குளோசரை, தன் கையால் செய்த அந்த எண்ணெய் உருளையை, யாரோ செய்தது போலப் பார்த்தார். வருத்தமாக இருக்கிறதா? இல்லை. பயம்? அதுவும் இல்லை... மரத்துப்போன காலை அடுத்தவர் கால் போலத் தொட்டுப் பார்ப்போமே, நேற்றிலிருந்து அப்படித்தான். நேற்றுக் காலை நினைவு தப்பிய மனைவி இதைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள், அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், கதவு ஏழு விநாடியில் பூனை போலத் தானே சாத்திக்கொண்டது. நாலு மணி நேரம் கழித்து, பஸ் நிலையத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவளை, கழுத்தில் அவர் செய்து மாட்டிய முகவரித் தகட்டைப் படித்து ஒரு கண்டக்டர் கூட்டி வந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார்கள் பக்கத்து வீட்டார். மகள் அப்படிச் சொல்லவில்லை. "பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க, கதவு சத்தம்கூடக் கேக்கலையாப்பா?" கேட்காதம்மா, கேட்கக்கூடாது என்றுதானே செய்தேன்... இன்று சாயங்காலம் அம்மாவைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விடப் போகிறாள், உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இதைக் கழற்றிவிட்டால், கதவு சத்தம் போட்டால், ஒருவேளை விட்டுவைப்பாளோ?

மகளுக்காகச் செய்ததுதான். வாசல்நிலை கொஞ்சம் சாய்வு, கதவு தானாக ஓடிப்போய் அறையும், தொட்டிலில் இவளுக்குத் தூக்கிவாரிப்போடும், வீறிடுவாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை வால்வு, ஒன்று எண்ணெயைக் கக்கி இவர் முகத்தையே அபிஷேகம் செய்தது, கடைசியில் நோட்டில் எழுதினார், 'சத்தம்: பூஜ்யம்.' பிறகு ஆஸ்பத்திரிகள், நூலகங்கள், எங்கெங்கோ அவருடைய கதவுகள் மூச்சுவிடாமல் சாத்திக்கொண்டன. தொழிற்சாலையில் 'சத்தமில்லாத சார்' என்றே பெயர். சம்சாரத்திடம்கூடச் சத்தம் போடாதவர் என்று கிண்டல்... உண்மைதானே, வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை, ஒரு நாள் குரல் உயர்த்தியதுண்டா? தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், சுட்டால்கூடத் தேவலை, சூடே தெரியவில்லையே. இப்போதெல்லாம் மனைவிக்கு அவர் வெறும் ஐயா. "ஐயா, நேரமாச்சே, நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று தினமும் விசாரிக்கிறாள், மரியாதையாக, விருந்தாளியைக் கிளப்புகிற மாதிரி.

திருகாணி வந்துவிட்டது. உருளையைக் கீழே வைத்தார், கதவைத் திறந்து விட்டார், அது பழையபடி ஓடிப்போய் அறைந்தது.

"யாரு? நீங்களா?"

உள்ளறையிலிருந்து. ஐயா இல்லை... அவள் குரல்தான், ஆனால் எப்போதைய குரல்? முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் கதவு அறையும், அவள் கேட்பாள், அவர் சொல்வார்... அது எப்போது நின்றது? குளோசர் மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையோடா? அதன்பின் அவர் உள்ளே வந்து நின்ற பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள், "பயந்தே போயிட்டேன், வந்ததே தெரியலை" என்பாள், அவரும் அதைக் குளோசருக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார். முப்பத்தோரு வருடம் சிரித்தாரா? அடப்பாவி.

"நான்தான்," என்றார்.

"சரி," என்றாள் அவள், சாதாரணமாக.

மகள் மடித்த புடவையும் கையுமாக ஓடி வந்தாள். "அப்பா... அம்மா உங்களையா கூப்பிட்டாங்க?"

தெரியவில்லை. என்னையா, இந்தச் சத்தத்தையா? ஒருமுறை நடந்ததை வைத்து முடிவு சொல்லக்கூடாது, ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும், சோதிக்காமல் எதையும் அவர் விட்டதில்லை. "நீ ஒரு தடவை சாத்தும்மா," என்றார். அவள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை விரியத் திறந்தாள், விடப் போனாள். இவள் சாத்தினாலும் உள்ளிருந்து அதே 'நீங்களா?' வந்துவிட்டால்?

"வேண்டாம், விடாதே... பிடிச்சுக்கோ."

அவள் பிடித்துக்கொண்டாள், அவரையே பார்த்தபடி. மூடிய கைக்குள் நாலாவது திருகாணி குத்திக்கொண்டிருந்தது, நன்றாகவே வலித்தது.