கப்பல்காரரின் ஆட்கள்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "ஃபாக்டரி ஓடுதா?" என்று கேட்டார்.

மகளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. அப்பா வெளிநாட்டிலிருந்து சோலார் பேனல் வரவழைத்து விற்றவர். சதா துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் கடைத்தெருவில் அவருக்குக் 'கப்பல்காரர்' என்றே பெயர். மகள் தொழில்துறையில் அதிகாரி. வெளியிலிருந்து வரும் பேனலுக்கு வரி, இங்கே செய்கிறவர்களுக்கு மானியம் என்ற கொள்கையை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. வரி வந்தது. ஊருக்கு வெளியே பேனல் ஃபாக்டரி எழுந்தது. அப்பாவின் கிடங்கு காலியானது. அன்றிலிருந்து தம்பி அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ஓடுதுப்பா."

"எல்லாமே இங்கயே செய்றாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கண்ணாடி மட்டும் இன்னும் கப்பல்லதான் வருது."

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகி, அவள் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"அப்போ என் கப்பலை நீ முழுசா மூழ்கடிக்கல."

"அதுவும் இங்க வந்துடும்பா."

"வரட்டும். பாதியில விட்டுடாதீங்க. கப்பலே வராம நின்ன வருஷம், பேனல் எங்க எங்கன்னு ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பதில் சொல்லி மாளல."

மருந்து டம்ளருடன் அறை வாசலில் நின்ற தம்பியும் இதைக் கேட்டான். டம்ளரை வைத்துவிட்டுப் போனான்.

வெயில் ஏறுவதற்குள் அப்பாவின் மூச்சு அடங்கிவிட்டது. அம்மா போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டு, "எப்பவும் உதைச்சுத் தள்ளிடுவார்" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள், தள்ளுவார் என்பதுபோல.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். "பெத்த மகளே கடைக்குப் பூட்டு போட்டா, மனுஷன் எப்படித் தாங்குவார்?" என்று யாரோ கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. அவள் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு கம்பெனி பஸ் தெருவில் வந்து நின்றது. இறங்கியவர்களைப் பார்த்ததும் தம்பிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்பாவின் கிடங்கில் லாரி லாரியாகப் பேனல் இறக்கியவர்கள். முன்னால் வந்தவர் கிடங்கு மேஸ்திரி.

"ஷிப்டுக்குப் போற வழி தம்பி. ஐயாவைப் பார்த்துட்டுப் போயிடறோம்."

"எந்த ஷிப்ட்?"

"பேனல் ஃபாக்டரிதான். ஐயாதானே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிட்டார்! 'இவனுங்க கையில ஒரு கண்ணாடி உடைஞ்சதில்ல'ன்னு ஃபாக்டரி கேட்டுக்கு வெளியே நின்னே பேசி முடிச்சார்."

தம்பி அக்காவைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

அவள் தலையசைத்து மறுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டார்" என்றார் மேஸ்திரி. "பெரியவளுக்குத் தெரிஞ்சா சிபாரிசுன்னு பேர் வரும், சின்னவனுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாகும்னார்."

தம்பி வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அப்பாவின் உடலை மாடியிலிருந்து இறக்க வேண்டும்; மாடிப்படி குறுகல். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லித் தடுமாறிக்கொண்டிருக்க, தம்பி மேஸ்திரியிடம், "அண்ணே, நீங்க பிடிங்க" என்றான்.

அவர்கள் பிடித்தார்கள். "மட்டமா... மூலை இடிக்காம... திருப்பத்துல நின்னு வா" என்று மேஸ்திரி மெல்லக் குரல் கொடுக்க, அப்பா ஒரு பக்கமும் சாயாமல் இறங்கினார். கடைசிப் படியில் தம்பி திரும்பி, "அக்கா, நீயும் வா, இந்தப் பக்கம் பிடி" என்றான். அவன் கைக்குப் பக்கத்தில் அவள் கை வைத்தாள்.

வண்டியில் ஏற்றியதும் பஸ் ஹாரன் அடித்தது. மேஸ்திரியும் ஆட்களும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள்.

அக்காவும் தம்பியும் வாசலில் நின்று பார்த்தார்கள். நகரும் பஸ்ஸுக்குள் எல்லோரும் சட்டையைக் கழற்றி நீல யூனிஃபார்மை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஜன்னலில் ஒருவரின் தலை யூனிஃபார்மின் கழுத்துக்குள் சிக்கிக்கொண்டது. தெருமுனை திரும்பும்வரை, தோள்கள் குலுங்க, அவர் அதற்குள்ளேயே இருந்தார்.