காதில் மஞ்சள் வில்லை தெரிய வேண்டும்

“ஏனுங்க, நான் கேக்கறது பொணத்தை இல்லீங்க. மாட்டைக் கேக்கறனுங்க.”

“எங்கப்பா செத்து இன்னும் ஒரு நாள் ஆகல. ஒனக்கு மாடு கேக்குதா?”

அப்பா தங்கவேலுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுகுணாவுக்கு வாசல் சண்டை முழுசாகக் கேட்டது. மாட்டைக் கேட்டவர் நிவாரணக் கணக்கெடுக்க வந்த அதிகாரி கீர்த்திவாசன். சத்தம் போட்டவன் திருப்பூரிலிருந்து விடியலில் வந்து இறங்கிய தம்பி பாலகுமார்.

போன வாரத்து மழையில் மண் சரிந்து கொட்டகை விழுந்தது. இரண்டு கறவை மாடுகளும் செத்தன. தங்கவேலு அன்றைக்கே எஸ்டேட் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் குழி வெட்டி, மஞ்சள் பூசி, தன் வேட்டியைப் போர்த்திப் புதைத்துவிட்டார். சிலோனிலிருந்து வந்த நாள் முதல் அவர் வளர்த்த மாடு எதுவும் நாய் இழுக்கக் கிடந்ததில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. அவசர நிவாரணம் வேண்டுமென்றால், செத்த மாட்டின் காதில் அரசாங்கம் நம்பர் போட்டுக் குத்திய மஞ்சள் வில்லை தெரிய, உரிமையாளரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். நான்கு நாள் ஆபீசுக்கு நடக்கவிட்டார்கள். ஐந்தாம் நாள், “தோண்டி வையுங்க, நாளைக்கு வர்றோம்” என்றார்கள். அறுபத்தெட்டு வயதில், கொட்டும் மழையில் தோண்டினார். ஒரு மாட்டின் காது தெரிந்ததும் குழிக்குள்ளேயே உட்கார்ந்தார். எழவில்லை.

நாளைக்கு வருகிறோம் என்ற வாக்கை மட்டும் ஆபீஸ் காப்பாற்றிவிட்டது.

கீர்த்திவாசன் ஷூவின் மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். அழ வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவருக்கு நாற்காலி தேடினார்கள். அடுத்த வீட்டு மருதாசலம் டீயை நீட்டி, “சார், எங்க ஆட்டையும் எழுதிக்கிறீங்களா?” என்றார்.

“எப்பச் செத்துச்சுங்க?”

“இன்னும் சாகல சார்.”

யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில்.

“இன்னைக்குச் சாயங்காலத்தோட லிஸ்ட் முடியுதுங்க” என்றார் கீர்த்திவாசன். பாலகுமாரின் குரல் இறங்கியது.

“போட்டோவுக்கு நான் நின்னா போதுமா சார்?”

“போட்டோவுக்கு நில்லுங்க. மனுவுல அவரு பெருவிரல் ரேகை வேணுமுங்க. நேத்துத் தேதி போட்டுக்கலாம். மை கொண்டாந்திருக்கேன். ஒரு நிமிசந்தானுங்க.” பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரிச் சொன்னார்.

பாலகுமார் மைப்பெட்டியோடு உள்ளே வந்தான்.

“அக்கா, கொஞ்சம் நகந்துக்க.”

“எதுக்குடா?”

“ஒனக்குத்தான்க்கா. அந்த மாடுதான் ஒனக்குச் சோறு. காரியம் முடிஞ்சா நான் திருப்பூருக்குப் போயிருவேன். நீ என்ன செய்வ?”

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“நகத்துல மண்ணு இருக்கு. எடுத்துட்டுச் சொல்றேன். வெளிய நில்லு.”

ஆண்கள் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கிடத்தியும் குழிமண் நகத்தை விட்டுப் போகவில்லை. ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். குளிப்பாட்டும்போது கைக்கட்டிலிருந்து அவிழ்த்த வெள்ளைத் துணி பக்கத்தில் கிடந்தது. இரண்டு கைப் பெருவிரல்களையும் சேர்த்து, ரேகை தெரியாதபடி அதால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். முடிச்சின் மேல் முடிச்சு. குளிப்பாட்டிக் கட்டிய கட்டைச் சுடுகாட்டில்தான் அவிழ்க்க வேண்டும். அது தம்பிக்கும் தெரியும்.

எட்டிப் பார்த்தவன் மைப்பெட்டியை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

“அப்புறம் என்னைக் குத்தஞ் சொல்லக் கூடாதுங்க” என்று ஜீப்பில் ஏறினார் கீர்த்திவாசன். டீயை முழுசாகக் குடித்திருந்தார்.

பாடையைத் தூக்கும்போது பாலகுமாரின் விரலில் ஊதா மை ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டே நடந்தான். அது போகவில்லை.

ரேகை வைக்காத மனு இன்னும் சுகுணாவிடம்தான் இருக்கிறது. மாடும் போய், மாட்டுக்காரரும் போன வீட்டுக்கு எங்காவது நிவாரணம் கொடுத்திருக்கிறார்களா? அதில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.