பாட்டுக் கேட்டபடி போனவர்

"என்ரை அண்ணை, பாட்டுக் கேட்டபடியே கண்ணை மூடிப் போட்டியே!" என்று தங்கமுத்து மாமி தயாளினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குளறினாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. படலையில் புதிதாக ஒரு தலை தெரிந்தால் போதும், மாமிக்கு ஒப்பாரியின் அதே அடி வந்துவிடும்.

தயாளினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியின் கையைக் கழுத்திலிருந்து பிரித்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்தாள்.

ஹோலின் நடுவே, நேற்றுவரை கட்டில் கிடந்த அதே இடத்தில், சவப்பெட்டிக்குள் அப்பா கிடந்தார். பருத்தித்துறை றோட்டில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய சீவரத்தினம். கால்மாட்டில் வீடியோக்காரப் பெடியன் சுபாஸ் கமராவை நிறுத்தி எல்லாவற்றையும் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தான். லண்டனிலிருந்து தம்பி சுதாகரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. வராததற்காக அவள் கோபப்படவில்லை. அவளுடைய கோபம் வேறு.

இந்தப் பாட்டுக் கதையைப் பரப்பியவன் அவன்தான். கனடா, நோர்வே என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, "அப்பா நாதஸ்வரம் கேட்டுக்கொண்டு அமைதியாப் போனவர்" என்று சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் எல்லாரும் குடுத்து வைத்த மனுசன் என்கிறார்கள். குடுத்து வைத்தவராம்! அந்த இடத்தில் நின்றவள் அவளல்லவா?

அந்தப் பாட்டுப் பெட்டி வந்தது போன மாதம், லண்டனிலிருந்து ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் சூட்கேசில். ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். அதை அப்பாவின் பழைய அம்பிளிபயருக்குப் பின்னால் பூட்டி, வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால், சுதாகரன் அங்கே போனில் தட்டுகிற பாட்டு இங்கே ஸ்பீக்கரில் பாடுமாம். அப்பாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "பாட்டு என்னத்துக்கு? அவனை ஒருக்கால் என்னோடை கதைக்கச் சொல்லு," என்றார். அவன் நாளாந்தம் போன் எடுப்பான், அக்காவோடு கதைப்பான். அப்பாவிடம் கொடுக்கிறேன் என்றால் உடனே வேலைக்கு நேரமாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று மத்தியானம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவள் பயந்துபோய்த் தம்பியை வீடியோவில் எடுத்தாள்.

"அக்கா, அந்தப் பெட்டியைப் பூட்டினனியோ?"

"டேய், மூச்சு ஒரு மாதிரிக் கிடக்கடா."

"அதுக்குத்தான் சொல்லுறன். கெதியாப் பூட்டு. பாட்டுக் கேட்டா அவருக்கு ஆறுதலா இருக்கும்."

விசரி, அவளும் பூட்டப் போனாள். தன் போனை அம்பிளிபயரில் சாத்தி வைத்தாள். தம்பியின் முகம் அவளைப் பார்த்திருக்க, கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவின் போனை எடுத்து அவன் சொன்ன ஆப்பை இறக்கினாள். வைஃபை பாஸ்வேர்ட் பிழை என்றது. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று அதற்கொரு சண்டை. பிறகு கோட் வேண்டும் என்றது. கோட் லண்டனில் அவனுடைய போனுக்குப் போகும்; அவன் அதை வாசிக்க, அவள் இங்கே அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சிவப்பில் காட்டும். திரும்ப இன்னொரு கோட்.

"பிள்ளை," என்றார் அப்பா.

"பொறுங்கோ அப்பா, இப்ப பாடும்."

"பிள்ளை, இஞ்சை வா."

"ரெண்டு நிமிசம் அப்பா!" என்று எரிந்து விழுந்தாள்.

ஒருவழியாக இணைந்தது. பச்சை விளக்கு எரிந்தும் சத்தம் வரவில்லை. சுதாகரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்பிளிபயரிலை சத்தக் குமிழைத் திருப்பு அக்கா," என்றான். அவள் எந்தக் குமிழ் என்று தடவித் தடவித் திருப்பினாள். நாதஸ்வரம் வீடு அதிரக் கிளம்பியது. "அப்பா, கேக்குதோ?" என்று சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வாய் திறந்திருந்தது.

அவள் குளறியதைக் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்த மாமி கண்டது, பாடிக்கொண்டிருந்த பாட்டுப் பெட்டியையும் செத்துக் கிடந்த அண்ணனையும்தான். கதை பிறக்க அது போதுமாயிருந்தது.

இப்போது எல்லாரும் ஐயருக்காகக் காத்திருந்தார்கள். மூலையில் அம்பிளிபயர் உறுமியது. நாதஸ்வரம். நேற்றைய அதே நாதஸ்வரம், நேற்று நின்ற அதே இடத்திலிருந்து.

"பாருங்கோ, சுதா லண்டனிலையிருந்து தேப்பனுக்குப் பாட்டுப் போடுறான்!" என்று மாமி புதிதாக அழத் தொடங்கினாள். பந்தலுக்குள் இருந்த ஆம்பிளைகள் எட்டிப் பார்த்தார்கள். "என்ன விண்ணாணமப்பா," என்று வியந்தது ஒரு குரல்.

தயாளினி எழும்பிப் போய் ஒரே இழுவையில் வயரைப் பிடுங்கினாள்.

"எடியே, உனக்கென்ன விசரே?" என்றாள் மாமி. அதற்குள் தயாளினியின் போன் அடித்தது.

"அக்கா, சத்தம் நிண்டிட்டுது. வைஃபை போட்டுதோ?"

"வைஃபை ஒண்டும் போகேல்லை. நான்தான் புடுங்கினனான்." வீடு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். "அப்பா ஒரு பாட்டும் கேக்கேல்லையடா. நான் முதுகைக் காட்டிக்கொண்டு உன்ரை கோட்டை அடிச்சுக்கொண்டு நிக்கேக்கை, என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் செத்தவர். இனி ஆருக்கும் உந்தக் கதையைச் சொன்னியெண்டால் எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை."

"தெரியும்," என்றான் சுதாகரன். அது அவள் காதுக்கு மட்டும் கேட்டது.

"என்ன தெரியும்?"

"பாத்தனான் அக்கா. உனக்குப் பின்னாலை கட்டில் தெரிஞ்சது. கை விழுந்ததையும் பாத்தனான். சொல்ல வாய் வரேல்லை." அவன் மூக்கை உறிஞ்சினான். "உயிர் போகேக்கை காது கடைசியாத்தான் அடங்குமாம் எண்டு ஆரோ சொன்னவை. அதுதான் குமிழைத் திருப்பச் சொன்னனான்."



"திரும்பிப் பார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடா," என்றாள். "ஒரே ஒரு சொல்லு."

கையில் கிடைத்தால் அவனைக் கொன்றே போட்டிருப்பாள். அங்கே ஒரு அறைக்குள் தனிய இருந்துகொண்டு, தேப்பன் சாவதைப் போனுக்குள் பார்த்துக்கொண்டு, பாட்டுப் போட்டிருக்கிறான், மடையன். அதை ஒருவருக்கும் சொல்லாமல் இரவு முழுக்க ஊருக்கெல்லாம் போன் எடுத்திருக்கிறான்.

"என்னவாமடி தம்பி?" என்று மாமி மெல்லக் கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

ஐயர் வந்தார். கிரியைகள் நடந்தன. வாசலில் பறை முழங்கியது. அவன் போனை வெட்டவில்லை, அவளும் வெட்டவில்லை. வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டபோது, அது அவளுடைய இடக்கையில் அப்படியே இருந்தது. வலக்கையால் அரிசியை அள்ளி அப்பாவின் வாயில் போட்டாள். பின்னால் நின்றவர்களுக்கு விலகிக் கொடுக்காமல் திரும்பவும் தட்டுக்குள் கையை விட்டாள்.

"ஒருக்கால்தானடி போடுறது," என்றாள் மாமி.

"இது சுதாகரன்ரை," என்றாள் தயாளினி, சண்டைக்கு நிற்பவளைப் போல.

வியர்த்த கையில் அரிசி ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. அவள் ஒவ்வொரு விரலாக உதறிப் போட்டாள்.