வைப்பர் இல்லாத ஓட்டோ

தன் ஓட்டோவின் வைப்பரைக் கழற்றி வீட்டு டிவிக்கு மேல் வைத்தபோது யுகேஷுக்குக் கொஞ்சமும் கவலை இருக்கவில்லை. கழற்றச் சொன்னவள் அவன் மனைவி தர்ஷிகா. கண்ணாடியில் தண்ணீரை ஒட்டவிடாமல் ஓட வைக்கும் பூச்சு ஒன்றைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாக ஆராய்ந்தவள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை. அந்தப் பூச்சை ஓட்டோக் கண்ணாடியிலும் பூசிவிட்டு, "வைப்பர் உரசினா கீறிப் போயிருங்க" என்றாள். பெண்டாட்டி டொக்டர் பட்டம் வாங்கிக் கலாநிதியாகப் போகிறாள், ஒரு வைப்பர் போனால் குடியா முழுகிவிடும் என்று இவனும் கழற்றிவிட்டான்.

விடிந்தபோது அவர்கள் குடியிருந்த ஹந்தானை மலையில் நல்ல மழை. தர்ஷிகாவை ஏற்றிக்கொண்டு இரண்டு வளைவு இறங்குவதற்குள் கண்ணாடி முழுக்கத் துளிகள். ஓட வேண்டிய தண்ணீர் உருண்டு திரண்டு, இருந்த இடத்திலேயே சொகுசாகக் குந்தியிருந்தது. எதிரே வந்த லொறியின் விளக்கு ஒவ்வொரு துளியிலும் புகுந்து நூறு லொறியாக வந்தது. யுகேஷ் ஓரங்கட்டினான்.

"ஒன் தண்ணி ஓடல தர்ஷி."

"லேப்ல காத்து அடிச்சா ஓடுச்சேங்க."

"லேப்ல வளைவு இருக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் கண் கலங்கிவிட்டது. மணி எட்டாகப் போகிறது. துணியால் துடைத்தான், பெரிய துளிகள் சின்னத் துளிகளாயின, அவ்வளவுதான். மூன்று வருட உழைப்பு பரீட்சைக்குப் போகும் வழியிலேயே பல்லை இளித்தது.

தர்ஷிகா மூக்கை உறிஞ்சினாள். பாதையோரத்துப் பெட்டிக்கடையைப் பார்த்தாள். "அந்தக் கடையில ஷாம்பு பெக்கட் இருக்குமா?"

"பரீட்சைக்குப் போறப்பவா தல குளிக்கப் போற?"

"கண்ணாடிக்குங்க. இந்தப் பூச்சுக்குத் தண்ணியப் புடிக்காது, அதான் உருண்டு நிக்குது. ஷாம்பு கலந்தா தண்ணி படர்ந்துரும். மெல்லிசாப் படர்ந்தா பாதை தெரியும்."

தன் பூச்சைத் தானே தோற்கடிக்கக் கிளம்பிவிட்டாள். பட்டுச் சேலையோடு மழையில் நின்று கண்ணாடிக்கு ஷாம்பு போட்டவளை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. நுரை வழிந்தது, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்தன, பாதை பளிச்சென்று தெரிந்தது. மழை கழுவக் கழுவ நிறுத்திப் பூசினார்கள். டவுனைத் தாண்டுவதற்குள் மூன்று பெக்கட் காலி.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் கெட்டம்பை நேர்ப் பாதையில் கடைசி நுரையும் போயிற்று. மறுபடியும் துளிகள். நல்லவேளை, முன்னால் வாகனம் இல்லை. யுகேஷ் தலையை வெளியே நீட்டி, மழையில் நனைந்தபடி ஓட்டினான். வேகமானி முள் முப்பத்தைந்தைத் தொட்டது. ஓரத்துத் துளி ஒன்று எதிர்க்காற்றில் அசைந்தது, நாற்பதானதும் கண்ணாடியில் மேல்நோக்கி ஓடியது. அதன் பின்னால் எல்லாமே ஓடின.

"ஓடுதுங்க," என்று தர்ஷிகா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் முள்ளை நாற்பதுக்குக் கீழே இறங்க விடவில்லை.

பரீட்சை தொடங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கூடவே குடையோடு பரீட்சகர், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் விமலநாதன்.

"தம்பி, இந்த ஓட்டோவிலயோ வந்தனீங்கள்? பூச்சு எங்க சரிவராது எண்டு கேட்டன், ஹந்தானை வளைவில எண்டவ. எந்த வேகத்தில துளி ஓடும் எண்டு கேட்டா, டிரைவரைக் கேளுங்கோ எண்டுறா."

"நாப்பதுங்க சார். முப்பத்தஞ்சுல அசையும், ஓடாது."

விமலநாதன் குறித்துக்கொண்டார். "ஓம், இதையும் ஆய்வேட்டில சேர்த்துவிடுங்கோ, கலாநிதி தர்ஷிகா. டிரைவரின்ட பேரோட."

யுகேஷ் மனைவியைப் பார்த்தான். அவள் ஷாம்பு மணக்கும் கையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் குடையை மடக்கிவிட்டுப் பின் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். "கெட்டம்பை வரைக்கும் விடுங்கோ. நானும் ஒருக்காப் பாக்க வேணும்."